படிப்பை விட்டு அக்னிவீரா, டிகிரி முடித்து ஆபீசரா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பி.காம். இரண்டாம் ஆண்டு, வயது 19, என்.சி.சி. ஆர்மி விங், பி சான்றிதழ் தேர்வு எழுதியாகிவிட்டது. காலையில் கூட ஓடுகிற நண்பர்கள் எல்லாரும் அக்னிவீருக்கு, அதாவது நான்கு வருடச் சிப்பாய் வேலைக்கு, விண்ணப்பிக்கிறார்கள். நானும் படிப்பை நிறுத்திவிட்டுப் போகட்டுமா, முடித்துவிட்டு ஆபீசர் தேர்வு எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனசில் இருப்பது கடைசி இரண்டு வரியில்தான் வந்திருக்கிறது. "எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். அப்பா லோடுமேன். ஆபீசர் வேலையெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா என்று தெரியவில்லை." நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். இதற்கு முதலில் தெளிவு கிடைத்தால்தான் மற்றதை முடிவு செய்ய முடியும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1993-இல் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு பாதியில் நிறுத்திவிட்டுச் சிப்பாயாகச் சேர்ந்தவன். குன்னூர் பக்கம் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் பயிற்சி. 28 வருடம் முடித்து சுபேதாராக ஓய்வு பெற்றேன். நடுவில் மூன்று வருடம் சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில், நாங்கள் ஓ.டி.ஏ. என்று சொல்வோம், ஹவில்தாராக இருந்து, ஆபீசராகப் பயிற்சி பெறும் கேடட்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தேன். அதற்குப் பிறகு வெலிங்டனில் புதிதாகச் சேரும் ரெக்ரூட்களுக்கும் உஸ்தாதாக, அதாவது பயிற்சி கொடுப்பவனாக இருந்தேன். அதனால் சிப்பாய் எப்படி உருவாகிறான், ஆபீசர் எப்படி உருவாகிறார் என்று இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அக்னிவீராக நான் இருந்ததில்லை. எங்கள் காலத்தில் சேர்ந்தவனுக்கு 15 வருடத்தில் பென்ஷன் நிச்சயம், இப்போதைய நிலைமை வேறு. கடற்படை, விமானப்படை வாழ்க்கையும் எனக்கு அனுபவமில்லை. தரைப்படையை வைத்துத்தான் பேசுகிறேன்.

சம்பளத்துக்குப் போகும் முன் வேலையைப் பற்றிப் பேசுவோம். முகாம்களில் பையன்களிடம் கேட்டால், ஆபீசர் என்றால் பெரிய சிப்பாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் தனித்தனி வேலை. சிப்பாயின் வேலை கையில் இருக்கிறது. உன் ஆயுதம், உன் கண், உன் கால், உன் பக்கத்தில் நிற்கிற ஆள். மலை மேல் போஸ்டில் இரண்டு மணி நேரம் சென்ட்ரியாகக் காவல் நின்று, நான்கு மணி நேரம் படுத்து, மறுபடி எழுந்து நிற்கும்போது வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. எல்.எம்.ஜி. என்கிற இலகு இயந்திரத் துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவேன். அந்தக் கைத்தேர்ச்சியில் ஒரு பெருமை உண்டு. லங்கர் என்கிற சமையற்கூடத்தில் ஒரே அண்டாச் சோறு சாப்பிட்டு, ஒரே பாரக்கில் ட்ரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவர்கள் இன்றைக்கும் என் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருகிறார்கள். அந்த வாழ்க்கையைக் குறைத்துப் பேச என்னால் முடியாது.

ஆபீசரின் வேலை மற்றவர்களின் வாழ்க்கையில் இருக்கிறது. ஒரு குளிர்காலம், காஷ்மீரில் உயரமான ஒரு போஸ்ட். எங்கள் லெப்டினன்ட் சாபுக்கு வயது 23. அவருக்குக் கீழே முப்பது பேருக்கு மேல். பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். தினமும் இரவு பங்கருக்கு வந்து ஒவ்வொருவனையும் சாக்ஸைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்துக் கால் விரல்களைப் பார்ப்பார். பனிக்கடி பிடித்தால் தோல் வெளுத்து மரத்துப் போகும், வலி தெரியாது. அதைக் கவனிக்காமல் விட்டால் விரலை வெட்டவேண்டி வரும். ஒருநாள் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு லீவு தேவைப்பட்டது. ஒருவனுக்கு மனைவி பிரசவம், இன்னொருவனுக்கு அப்பாவுக்கு ஆபரேஷன். ஒருவனைத்தான் அனுப்ப முடியும். அந்த 23 வயதுப் பையன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, எனக்குத் தெரியும். காலையில் முடிவைச் சொல்லிவிட்டு, லீவு கிடைக்காதவன் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் பொறாமைப்பட்டதில்லை. உங்களுக்கு அதில் ஆசை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். என்.சி.சி. முகாமில் ஜூனியர் பையனுக்குக் காய்ச்சல் என்றால் நீங்களே போய்ப் பார்க்கிற ஆளா, இல்லை டிரில் நன்றாக வந்தால் போதும் என்று இருக்கிற ஆளா? இதற்கு உங்களிடமே பதில் இருக்கும்.

மரியாதையில் ஏற்றத்தாழ்வு பார்க்காதீர்கள். மேஜர் முகுந்த் வரதராஜன் தாம்பரத்துப் பிள்ளை. பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் பயிற்சி முடித்து 2006-இல் ஆபீசர் ஆனவர். 2014 ஏப்ரல் 25-ஆம் தேதி ஷோபியானில் உயிரைக் கொடுத்தார், அசோக சக்கரம் கிடைத்தது. அதே சண்டையில் சிப்பாய் விக்ரம் சிங்கும் இறந்தார், அவருக்கு சௌரிய சக்கரம். 2020 ஜூனில் கல்வானில் இறந்த ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், வீர் சக்கரம் பெற்றவர். மூன்று பேர் வீட்டுக்கும் வந்தது ஒரே மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டிதான்.

இனி உறுதியாகத் தெரிந்த கணக்கு. அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. பயிற்சியையும் சேர்த்து மொத்தம் 4 வருடம். முதல் வருடம் மாதம் 30,000, அப்புறம் 33,000, 36,500, கடைசி வருடம் 40,000 ரூபாய். இதில் 30 சதவீதத்தைப் பிடித்து சேவா நிதி என்கிற சேமிப்பில் போடுவார்கள், அரசும் அதே அளவு போடும். ஆக, கையில் வருவது முதல் வருடம் 21,000-இல் தொடங்கி நான்காம் வருடம் 28,000 வரை. கூட்டிப் பார்த்தால் நான்கு வருடத்தில் கையில் சுமார் 11.7 லட்சம், வெளியே வரும்போது வட்டியோடு சேவா நிதி சுமார் 11.7 லட்சம், அதற்கு வருமான வரி இல்லை. சோறும் தங்குமிடமும் அரசுடையது. 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு உண்டு. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. ஒரு பேட்சில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். எடுக்கப்பட்டவர்கள் மேலும் 15 வருடம் இருக்க வேண்டும், அவர்களுக்கும் முதல் நான்கு வருடம் பென்ஷன் கணக்கில் சேராது. நடுவில் பிடிக்கவில்லை என்று கிளம்பிவரவும் முடியாது, விதிவிலக்கான காரணம் இருந்தால்தான் விடுவார்கள்.

ஆபீசர் பக்கம் பி.காம். பட்டதாரிக்கு முக்கியமாக இரண்டு வாசல். ஒன்று, யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு தடவை நடத்துகிற சி.டி.எஸ். தேர்வு. ஓ.டி.ஏ.வுக்கு ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டே தாள், தலா 100 மதிப்பெண், கணக்குத் தாள் கிடையாது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். டேராடூன் இந்தியன் மிலிட்டரி அகாடமி (ஐ.எம்.ஏ.) வேண்டுமென்றால் கணக்கும் எழுத வேண்டும். இரண்டாவது வாசல் உங்களுக்கென்றே இருப்பது, என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி. சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடு, டிகிரியில் 50 சதவீதம் இருந்தால் எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி. என்கிற ஆபீசர் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி வருடம் படிக்கும்போதே போடலாம். இடங்கள் குறைவு, ஆனால் போட்டி போடுகிறவர்களும் சி சான்றிதழ் உள்ளவர்கள் மட்டும்தான். நீங்கள் ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டி நிற்கிறீர்கள் என்பதை உங்கள் கேள்வியில் நீங்களே கவனிக்கவில்லை.

தேர்வாகிவிட்டால் ஓ.டி.ஏ.வில் 49 வாரப் பயிற்சி. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. லெப்டினன்ட் ஆனதும் அடிப்படைச் சம்பளம் அதே 56,100, கூட ராணுவச் சேவை ஊதியம் 15,500, மற்ற படிகள் தனி. இது ஏழாவது ஊதியக் குழு கணக்கு. ஆனால் ஒன்றைப் பலர் மறைத்துவிடுகிறார்கள். ஓ.டி.ஏ. வழியாகக் கிடைப்பது ஷார்ட் சர்வீஸ். 10 வருடம், விருப்பப்பட்டால் இன்னும் 4 வருடம் நீட்டிப்பு. நிரந்தர கமிஷன், அதாவது நிரந்தர ஆபீசர் பதவி, கிடைக்காவிட்டால் முப்பதுகளிலேயே பென்ஷன் இல்லாமல் வெளியே வருவீர்கள். ஆபீசருக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 20 வருடம் ஆக வேண்டும். ஆகவே 'அக்னிவீர் தற்காலிகம், ஆபீசர் நிரந்தரம்' என்று சொல்லுகிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அப்போது உங்கள் கையில் டிகிரி இருக்கும், பத்து வருடம் ஆட்களை நடத்திய அனுபவம் இருக்கும்.

இப்போது அந்த இங்கிலீஷ் விஷயம். நான் பரங்கிமலையில் இருந்தபோது தென்மாவட்டத்து கேடட் ஒருவர் வந்தார். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். முதல் மாதம் வகுப்பில் துப்பாக்கியின் பாகங்களைச் சொல்லச் சொன்னால் உதடு உலரும். எல்லாம் தெரியும், வாய் வராது. இரவு விளக்கணைக்கும் முன்னால் பத்து நிமிடம், கண்ணாடி முன்னால் நின்று அன்றைய பாடத்தைச் சத்தமாகத் தனக்கே ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வார். பக்கத்து அறைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் அவரே கூட நின்று திருத்திக் கொடுத்தார். ஐந்தாவது மாதம் ரூட் மார்ச்சில் இன்னொரு கேடட் கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டார். அவருடைய முதுகுப் பையையும் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவரைப் பேச்சுக் கொடுத்தே நடத்திக் கூட்டிவந்தது இந்தப் பையன்தான். பேசியது உடைந்த ஆங்கிலமும் அதைவிட உடைந்த இந்தியும். பாஸிங் அவுட் பரேடு அன்று பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயரில் அந்திம் பக் என்கிற கடைசி அடியைத் தாண்டி அவர் வெளியே வந்தார். தோளில் நட்சத்திரம் குத்தியதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தேன். அதுவரை 49 வாரம் அவரை வெயிலில் ஓடவிட்டவன் நான். அவர் அம்மா ஒரு சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, "இவர் யாருப்பா, ஏன் உனக்குக் கும்பிடு போடறாரு?" என்று கேட்டார்.

ஆக, உங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா என்றால், கிடைத்திருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். எளிதாகக் கிடைக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாளே வடிகட்டிப் பெரும்பாலானவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு மனோதத்துவத் தேர்வு. 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனசில் வருகிற வாக்கியத்தை எழுத வேண்டும். 60 சூழ்நிலைகள், 30 நிமிடம். அப்புறம் இரண்டு நாள் மைதானத்தில் கட்டையும் கயிறும் டிரம்மும் வைத்துக் குழுவாகச் செய்யும் வேலைகள், தனி நேர்காணல். உச்சரிப்புக்கு அங்கே மதிப்பெண் இல்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லிப் புரியவைக்க முடிய வேண்டும். குழு விவாதத்தில் எட்டு பேர் கத்தும்போது ஒரு எளிய வாக்கியத்தையாவது தெளிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வருடப் பழக்கம் போதும். தினமும் ஒரு ஆங்கிலச் செய்தித்தாள் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பது, அதை நான்கு வாக்கியத்தில் திருப்பிச் சொல்வது. இதைத்தான் அந்தக் கேடட் செய்தார். கோச்சிங் சென்டருக்கு ஐம்பதாயிரம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே மனப்பாடம் செய்த பதில்களை எஸ்.எஸ்.பி.காரர்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் அபிப்பிராயம், டிகிரியை முடியுங்கள். காரணம் வயதுக் கணக்கு. ஆபீசர் வாசல் ஏறத்தாழ 25 வயது வரை திறந்திருக்கும், ஆனால் டிகிரி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அக்னிவீர் திட்டம் வந்தபோது வைத்த வரம்பு 17½ முதல் 21 வரை. அந்த முதல் வருடம் மட்டும் 23 ஆக உயர்த்தினார்கள். அப்படி மாற்றங்கள் வரும் என்பதால், அந்தந்த வருட அறிவிப்பில் எந்தத் தேதிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள். உங்கள் பிறந்த தேதியை வைத்துப் பார்த்தால் கடைசி வருடம் படிக்கும்போதும் ஒரு அக்னிவீர் தேர்வு எழுத வாய்ப்பிருக்கலாம். அப்படியானால் இப்போது படிப்பை விடுவதால் லாபம் ஒன்றும் இல்லை. சி சான்றிதழும் கையில் வந்துவிடும். அது அக்னிவீர் தேர்விலும் கூடுதல் மதிப்பெண் தரும்.

'முதலில் சிப்பாயாகச் சேர்ந்து உள்ளிருந்தே ஆபீசர் ஆகலாமே' என்று நண்பர்கள் சொல்வார்கள். அப்படி ஒரு வழி உண்டு. ஆர்மி கேடட் காலேஜ் என்று டேராடூனில் இருக்கிறது. பணியிலிருக்கும் சிப்பாய் தேர்வெழுதி, எஸ்.எஸ்.பி. தாண்டி, மூன்று வருடம் அங்கே டிகிரி படித்து, ஒரு வருடம் ஐ.எம்.ஏ. பயிற்சி முடித்து ஆபீசர் ஆகலாம். நானும் அந்த எண்ணத்தோடுதான் சேர்ந்தேன். சென்ட்ரி டியூட்டிக்கும் ஃபடீக் என்கிற உடலுழைப்பு வேலைக்கும் நடுவில் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். ஒரு தடவை எழுத்துத் தேர்வில் தேறி, எஸ்.எஸ்.பி.யில் திரும்பினேன். அடுத்து எழுதுவதற்குள் யூனிட் வேறு இடத்துக்குப் போனது, அப்புறம் கல்யாணம், அப்புறம் வயது கடந்துவிட்டது. என் கூட இருந்து அந்த வழியில் போய் கர்னல் ஆனவரும் இருக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான்கு வருட அக்னிவீர் காலத்தில் அதையும் சாதிக்கலாம் என்று கணக்குப் போட்டுப் படிப்பை விடாதீர்கள். கல்லூரி மேசையில் உட்கார்ந்து படிக்கிற ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய வசதி என்பது பாரக்கில் போய்த்தான் எனக்குப் புரிந்தது.

என் பேச்சு செல்லாத ஒரு இடம் உண்டு. தங்கை பிளஸ் டூ என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, அடுத்த வருடம் தங்கையின் படிப்பு உங்கள் சம்பளத்தில்தான் நடக்க வேண்டும் என்றால், அக்னிவீர் போவதில் தவறே இல்லை. 23 வயதில் சுமார் 11 லட்சத்தோடு வெளியே வருகிற பையன் தோற்றவன் கிடையாது. அப்படிப் போவதானால், வேலையில் இருக்கும்போதே டிகிரி முடிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அக்னிவீர்களுக்கென்று பட்டப்படிப்பு வைத்திருக்கிறார்கள், பாதி கிரெடிட் பயிற்சியிலிருந்தே வரும், அதில் சேர்ந்துவிடுங்கள். அது கையில் இருந்தால் வெளியே வந்த பிறகும் ஓ.டி.ஏ.வுக்கு ஓரிரண்டு தடவை முயற்சி செய்ய வயது மிச்சம் இருக்கும். 25 சதவீதத்தில் நானும் ஒருவன் என்று முன்கூட்டியே நினைத்து வீட்டுக் கடன் வாங்காதீர்கள். அந்த விகிதத்தை உயர்த்தப் போகிறார்கள் என்று வருகிற பேச்சையெல்லாம் ஆணை கையில் வரும்வரை கணக்கில் சேர்க்க வேண்டாம். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு 10 சதவீத இடம் என்று 2022-லேயே அறிவித்தார்கள். அது ஒரு ஆறுதல், ஆனால் அதற்கும் போட்டி உண்டு. எந்த வழியாகப் போனாலும் 'செலக்‌ஷன் வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்கிறவனை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். எங்கள் ஊரில் ஒருவர் இரண்டு பவுன் சங்கிலியை விற்று அப்படி ஒருவனிடம் கொடுத்துவிட்டு, பையன் ஓட்டத்திலேயே தோற்றுத் திரும்பினான்.

உங்கள் உடம்பைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கின்றன. முழங்கால் இரண்டும் ஒட்டுகிறதா, பாதம் தட்டையா, நிறம் சரியாகத் தெரிகிறதா, காது, பல், கையில் பச்சை குத்தியிருக்கிறதா, இதெல்லாம் ஒரு டாக்டரிடம் போய் இப்போதே பார்த்துவிடுங்கள். உயரம் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். அக்னிவீர் பொதுப்பணிக்கு (ஜெனரல் டியூட்டி சிப்பாய் வேலை) தமிழ்நாட்டுக்காரருக்கு 166 செ.மீ. வேண்டும். ஆபீசருக்கு 157 போதும். 163 செ.மீ. உயரத்தில் பொதுப்பணி கிடைக்காமல் அழுத பையனை நான் ஆள்சேர்ப்பு ரேலியில் பார்த்திருக்கிறேன். ஆபீசர் தேர்வுக்கு அந்த உயரம் தாராளம் என்று அவனுக்கு அதுவரை யாருமே சொல்லவில்லை.

அப்பாவிடம் பேசும்போது 'ஆபீசர் ஆகப் போகிறேன்' என்று தொடங்காதீர்கள். சி தேர்வு எப்போது, டிகிரி எப்போது முடியும், உங்கள் பிறந்த தேதிப்படி எந்தத் தேர்வுக்கு எதுவரை வயது இருக்கிறது, இதை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து, அதுவரை வீடு தாங்குமா என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை இங்கே எழுதுங்கள், அதற்கேற்ற மாதிரி மேற்கொண்டு பேசுவோம்.